தினமும் தெளிக்கும் தண்ணீர் எங்கே போகிறது?

வறட்சிக் காலத்தில் தோட்டத்துக்கு வாரம் இரண்டு நாள்தான் தண்ணீர் ஊற்றலாம் என்று நகர நிர்வாகங்கள் விதி போடுகின்றனவே, மூன்று நாள் தண்ணீரை ஒரே நாளில் சேர்த்து ஊற்றினால் இதில் மிச்சம் என்ன என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்த விதிதான் இருந்தது. செவ்வாய், சனிக்கிழமைகளில் மட்டும், காலை 9 மணிக்கு முன்போ மாலை 4 மணிக்குப் பின்போ, வாளியாலோ பூவாளியாலோ ஊற்றலாம். அணைகள் மேலும் வற்றியதும் குழாய்த் தண்ணீரைத் தோட்டத்துக்குப் பயன்படுத்துவதே தடை செய்யப்பட்டது. 2018 பிப்ரவரி 1 முதல் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்பது உச்சவரம்பானது. நேரக் கட்டுப்பாட்டின் காரணம் வெயில் என்பது எல்லோருக்கும் தெரியும். நாள்களைக் குறைத்ததன் காரணம் மண்ணுக்குள் இருக்கிறது.

நனைந்த மண்ணின் மேற்பரப்பு முதலில் திறந்த தண்ணீர்த் தொட்டியைப் போலவே நடந்துகொள்ளும். வெயிலும் காற்றும் கேட்கும் அளவைத் தடையின்றிக் கொடுக்கும். ஒரு நாளில் 5 மில்லிமீட்டர் ஆவியானால் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் போய்விடும். பத்து சதுர மீட்டர் பாத்தியில் அது 50 லிட்டர், அதாவது கேப்டவுனில் ஒருவரின் ஒரு நாள் பங்கு முழுவதும்.

மேல் மண் உடனே காய்ந்துவிடாததற்குக் காரணம் நுண்புழையேற்றம், அதாவது மெல்லிய குழாய்களிலும் துளைகளிலும் தண்ணீர் தானாகவே மேலேறுவது. ஒரு மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் ஏறும். விட்டம் பத்தில் ஒரு பங்கானால் உயரம் பத்து மடங்காகும். ஆனால் மண் ஒரே அளவுள்ள குழாய்களின் கட்டு அல்ல. அதில் பெரிய துளைகளும் சிறிய துளைகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சிறிய துளை தண்ணீரை இறுக்கமாகப் பிடிக்கும், பெரியது தளர்வாகப் பிடிக்கும். ஆகவே சிறிய துளையின் வாயில் எவ்வளவு நீர் ஆவியாகிறதோ, அவ்வளவையும் அது கீழேயுள்ள பெரிய துளைகளிலிருந்து, விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவதுபோல, ஏற்றிக்கொள்கிறது. பெரிய துளைகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக் காற்று உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும்போதும் மேற்பரப்பு ஈரமாகவே இருப்பது இதனால்தான்.

காற்று இறங்கிய ஆழம் ஓர் எல்லையைத் தாண்டியதும், ஏற்றவேண்டிய நீரின் எடையையும் துளைச் சுவர்களின் தடையையும் சிறிய துளைகளின் இழுவிசையால் சமாளிக்க முடியாமல், கீழிருந்து மேற்பரப்புவரை தொடர்ந்திருந்த நீரிழைகள் அறுந்துவிடுகின்றன. இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கருஞ்சிவப்பாக இருந்த செம்மண் திட்டுத்திட்டாக வெளிறும்; வெளிறிய மண்ணை விரலால் விலக்கினால் சற்றுக் கீழே ஈரம் குளிர்ச்சியாகத் தட்டுப்படும். அந்த ஈரம் இனி நீராக மேலே வர முடியாது. இருந்த இடத்திலேயே ஆவியாகி, காய்ந்த மண்ணின் வளைந்து நெளிந்த இடைவெளிகள் வழியே மெல்லப் பரவித்தான் வெளியேற வேண்டும். காய்ந்த அடுக்கு தடிக்கத் தடிக்க அந்தக் கசிவும் குறைந்துகொண்டே போகும். மண் தனக்குத்தானே மூடி போட்டுக்கொள்ளும் இந்த அழகை எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

தினமும் மேலாகத் தெளிப்பவர் தினமும் அந்த மூடியைத் திறந்துவிடுகிறார். வாரம் இரண்டு முறை ஆழமாக ஊற்றினால் மூடி பல நாள் மூடியே இருக்கும். வேரும் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். இலை வழியே செடி வெளியிடும் நீர் பெரிதாக மாறாது என்ற அளவில் வாசகர் நினைப்பது சரிதான். மிச்சமாவது வெற்று மண்ணிலிருந்து வீணாகும் பங்கு. நம் உழவர்கள் மேல் மண்ணைக் கொத்திவிடுவதும் இலைதழையால் மூடாக்குப் போடுவதும் இதே பயனைத் தருகின்றன.

நீரிழை எப்போது அறுகிறது என்பது மண்ணுக்கு மண் வேறுபடும்; ஆகவே எல்லா ஊருக்கும் ஒரே விதி பொருந்தாது. 2024 மார்ச்சில் பெங்களூருவில் குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். நெருக்கடி முற்றிய பின் முழுத் தடையைத் தவிர்க்க முடியாது. ஆனால் அதற்கு முந்தைய கட்டங்களில் எத்தனை நாளுக்கு ஒருமுறை ஊற்றலாம் என்பதை உள்ளூர் மண்ணை எடைபோட்டு அளந்து சொல்லும் ஆய்வுக்குப் பெரும் செலவு ஆகாது. அந்த நிதியை நகரங்கள் ஒதுக்கியே ஆகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மாடியில் தொட்டிச் செடி வளர்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு முழுதாகப் பொருந்தாது. தொட்டியில் ஆழம் இல்லாததால் அதிகம் ஊற்றினால் அடித்துளை வழியே ஓடிவிடும். சுட்ட மண்தொட்டியாக இருந்தால் பக்கவாட்டிலும் ஆவியாகும். அங்கே தேங்காய் நாரை இரண்டு அங்குலத்துக்குப் பரப்பி வைத்து, நாரை விலக்கி விரலை விட்டுப் பார்த்து, ஈரம் தட்டுப்படாத அன்று மட்டும் ஊற்றலாம்.