பைபாஸுக்குப் பின் ட்ரோபோனின்: எவ்வளவு ஏறினால் கவலைப்பட வேண்டும்?

இதய அறுவைச் சிகிச்சைக்கு மறுநாள் வரும் ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்தால் வீட்டாருக்கு வயிறு கலங்கிவிடும். ட்ரோபோனின் என்ற வரிக்கு நேரே 2,000 என்று தடித்த எழுத்தில் இருக்கும். பக்கத்திலேயே இயல்பு அளவு 26-க்குள் என்று அச்சிட்டிருக்கும். நெஞ்சுவலியோடு அவசரப் பிரிவுக்கு வந்தவருக்கு இதில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே மாரடைப்பைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். அறுவை முடிந்தவரிடம் அதே எண்ணைப் பார்க்கும் மருத்துவரோ பதறுவதில்லை. அது அலட்சியம் அல்ல.

ட்ரோபோனின் இதயத் தசை நாருக்குள் இருக்கும் புரதம். ஜப்பானில் செட்சுரோ எபாஷியும் அயாகோ கொடாமாவும் 1965-இல் இதைக் கண்டறிந்தார்கள். ஒவ்வொரு துடிப்பிலும் கால்சியம் வந்து இதனோடு ஒட்டும்போதுதான் தாழ்ப்பாள் விலகியதுபோல் தசை சுருங்குகிறது. செல்லுக்குள் வேலை பார்க்க வேண்டிய இந்தப் புரதம் ரத்தத்தில் நிறையத் தென்பட்டால், எங்கோ இதயத் தசைச் செல்கள் சேதமாகியிருக்கின்றன என்று பொருள்.

அறுவை அரங்கில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இதயத்தில் குழாய் செருகுகிறார்கள். பெருந்தமனியைக் கவ்வியால் இறுக்கி, பொட்டாசியம் கலந்த திரவத்தைச் செலுத்தி இதயத்தை நிறுத்துகிறார்கள். அதுவரை ஓயாமல் துடித்த தசைக்கு அந்த நேரம் முழுக்க வழக்கமான ரத்த ஓட்டம் கிடையாது. வால்வு மாற்றுவதென்றால் கத்தியும் தையலும் இதயத்தின் மேலேயே விழுகின்றன. அறுவை கச்சிதமாக நடந்தாலும் ட்ரோபோனின் கசியத்தான் செய்யும். ஆகவே 'ஏறியிருக்கிறதா' என்று கேட்பதில் பயனில்லை. 'எவ்வளவு, எந்த நாளில்' என்பதே கேட்க வேண்டியது.

2018-இல் வெளியான மாரடைப்பு வரையறை, பைபாஸுக்குப் பின் இயல்பு உச்சத்தைப் போல் 10 மடங்கைத் தாண்டி, வேறு சான்றுகளும் சேர்ந்தால் மாரடைப்பு என்றது. கனடாவின் ஹாமில்டனை மையமாகக் கொண்ட 'விஷன்' ஆய்வு இதை நோயாளிகளிடமே சோதித்துப் பார்த்தது. 12 நாடுகள், 24 மருத்துவமனைகள், 13,862 நோயாளிகள். முடிவுகள் 2022-இல் வெளியாகின. 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் 296 பேர், அதாவது 2.1 சதவீதம். பைபாஸ் மட்டுமோ பெருந்தமனி வால்வு அறுவை மட்டுமோ செய்துகொண்டவர்களில், முதல் நாளுக்குள் ட்ரோபோனின் லிட்டருக்கு 5,670 நானோகிராமைத் தொட்ட பிறகே மரண ஆபத்து கூடுவது தெரிந்தது. இயல்பு உச்சத்தைப் போல் 218 மடங்கு! மற்ற இதய அறுவைகளில் அந்த வரம்பு 499 மடங்கு.

இந்த எண்களைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 5,670 என்ற மதிப்பீட்டின் நம்பக எல்லையே, அதாவது உண்மையான வரம்பு இருக்கக்கூடிய இடைவெளியே, 1,045 முதல் 8,260 வரை விரிகிறது. அளந்த நாளும் முக்கியம்: இரண்டாம், மூன்றாம் நாட்களுக்கான வரம்பு இதைவிட வெகுவாகக் குறைவு. இறங்க வேண்டிய நேரத்தில் ட்ரோபோனின் ஏறிக்கொண்டே போனால், புதிதாகப் பொருத்திய ரத்தக்குழாய் அடைத்துவிட்டதோ என்ற சந்தேகம் எழும். அப்போது ஈசிஜி, எக்கோ, தேவைப்பட்டால் ஆஞ்சியோ பார்ப்பார்கள். எண் தீர்ப்பு சொல்வதில்லை, எங்கே தேட வேண்டும் என்று காட்டுகிறது.

அறுவைக்கு முன்பே ஆபத்தைக் கணிக்க 2012-இல் வெளியான யூரோஸ்கோர் 2 என்ற கணக்கு உண்டு. வயது, இதயத்தின் பம்ப் வலு, முன்பு செய்த இதய அறுவை என்று 18 விவரங்களைக் கேட்கும். ரத்தப் பரிசோதனையிலிருந்து அது எடுத்துக்கொள்வது, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினினை மட்டுமே. அதையும் வயது, எடையோடு சேர்த்து, சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்கிடும். விடை 2 சதவீதம் என்று வந்தால், இவரைப் போன்ற நூறு பேரில் இருவர் இறக்கக்கூடும் என்று அர்த்தம். அந்த இருவர் யார் என்று அதற்குத் தெரியாது. மருத்துவர்கள் இதை வீட்டாரிடம் பொறுமையாக விளக்க வேண்டும்.

கிரியாட்டினின் அறுவைக்குப் பிறகும் பேசும். ஆனால் அதன் பேச்சை உடனே நம்ப முடியாது. அறுவையின்போது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக வேலை செய்யும் இதய-நுரையீரல் இயந்திரத்தை நிரப்பிய திரவம் ரத்தத்தில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்வதால், முதலில் கிரியாட்டினின் சற்று இறங்கிக் காட்டும். 2004-இல் வெளியான வியன்னா ஆய்வில் இப்படிச் சற்றே இறங்கியவர்களிடம்தான் மரணம் மிகக் குறைவு, டெசிலிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்குள் ஏறியவர்களிடம்கூட ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. சிறுநீரகம் தடுமாறத் தொடங்கி வெகுநேரம் கழித்தே இந்த அளவு ஏறும் என்பதால், 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது சிறுநீர் இறங்குகிறதா என்று ஐசியு செவிலியர் மணிக்கு மணி பையைப் பார்த்துக் குறித்துக்கொண்டே இருக்கிறார்.