நாலு அடுப்பு சும்மா கிடக்கட்டும்

வாசகர் ஒருவர் கேட்கிறார்: "என் கணினியின் சிப்பில் கணக்குப் போடும் கோர் எட்டு. பகா எண் தேடும் பிரைம்95-ஐ நாலு கோரில் ஓட விட்டேன், ஓர் எண்ணைச் சோதிக்க ஒன்பது நாள் ஆகும் என்றது. மீதி நாலு கோர் வெட்டியாகக் கிடக்கிறதே என்று அதற்கும் ஓர் எண்ணைக் கொடுத்தேன். இப்போது இரண்டும் முடியப் பதினெட்டு நாளாம். டாஸ்க் மேனேஜரோ எல்லாக் கோரும் 100% உழைப்பதாகக் காட்டுகிறது. ஏமாற்றுவது யார்?"

டாஸ்க் மேனேஜர்தான். ஆனால் அது சொல்வதில் பொய்யும் இல்லை.

ஜார்ஜ் வோல்ட்மன் 1996-ல் தொடங்கிய 'கிம்ப்ஸ்' என்ற தன்னார்வத் திட்டத்துக்காக எழுதிய மென்பொருள் பிரைம்95. உலகெங்கும் பலர் தங்கள் கணினியின் நேரத்தைக் கொடுக்க, 2-ஐ அடுக்கடுக்காகப் பெருக்கி 1 கழித்து வரும் மெர்சென் எண்களில் பகா எண்களைத் தேடுகிறார்கள். சோதனை எளிது. 4-ல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை எடுத்துக்கொள்ள வேண்டும். இதையே 2-ன் அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்த பின் மீதி பூஜ்யமானால் அது பகா எண். 31-க்கு (அடுக்கு 5, ஆக மூன்று தடவை) பாருங்கள்: 4, பிறகு 14, அடுத்து 194-ஐ 31-ஆல் வகுத்தால் மீதி 8, அடுத்து 62, மீதி பூஜ்யம். 31 பகா எண். இப்போது முதற்கட்டச் சோதனைக்கு வேறொரு முறை வந்துவிட்டது. என்றாலும் திரும்பத் திரும்ப வர்க்கப்படுத்தும் பாடு மாறவில்லை.

2024 அக்டோபரில் கிடைத்த பகா எண்ணின் அடுக்கு 13,62,79,841. அப்படியானால் சுமார் 13.6 கோடி முறை வர்க்கம். ஒவ்வொரு முறையும் நாலு கோடிக்கு மேற்பட்ட இலக்கங்கள் கொண்ட எண். பள்ளியில் படித்த பெருக்கல் முறை இங்கே ஆகாது. எண்ணைச் சுமார் 73 லட்சம் துண்டுகளாக நறுக்கி, ஃபூரியே உருமாற்றம் (பெருக்கலை எளிதாக்க எண்களை வேறு வடிவுக்கு மாற்றும் கணக்கு) செய்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்தி, திரும்ப மாற்றுகிறார்கள். ஒரு துண்டுக்கு 8 பைட் என்றால், பட்டியல் மொத்தம் ஏறக்குறைய 60 எம்பி. வாசகரின் கேள்விக்கு விடை இந்த 60-ல்தான் இருக்கிறது.

கல்யாண வீட்டுச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கோர் என்பது சமையல்காரர். அவர் கைக்கெட்டும் மேடைதான் கேஷ். பின்கட்டில் இருக்கும் உக்கிராண அறை, ரேம். மேடையில் இருப்பதை எடுக்கக் கண்ணிமைக்கும் நேரம். உக்கிராணத்துக்குப் போய்வர அதைப்போல் பல மடங்கு. அந்த அறைக்கு இருப்பதோ ஒரே வாசல்.

உருமாற்றத்தில் பட்டியலின் எண்களை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள். முதல் கட்டத்தில் பக்கத்து எண்களோடு. அடுத்ததில் இரண்டு தள்ளி, பிறகு நாலு, எட்டு என்று தூரம் இரட்டித்துப் போகும். மொத்தம் 23 கட்டம். திரும்ப மாற்ற இன்னொரு 23. கட்டத்துக்கு ஒரு தடவை 60 எம்பியையும் உக்கிராணத்திலிருந்து கொண்டுவந்து திரும்ப வைத்தால் 46 நடை. வோல்ட்மன் அதை இரண்டே நடையில் முடிக்கிறார்.

எப்படி? நீளப் பட்டியலைச் சதுரக் கட்டமாக மடித்து அடுக்குகிறார், பக்கத்துக்குச் சுமார் 2,700 எண்கள். ஒரு நெடுவரிசையின் எடை 21 கேபிதான், மேடையில் தாராளமாக இடம் உண்டு. அதை எடுத்து வந்தால், அதற்குள்ளேயே முடியக்கூடிய பதினோரு கட்டத்தையும் முடித்துவிட்டுத்தான் திரும்ப வைப்பது. எல்லா நெடுவரிசையும் ஆன பிறகு கிடைவரிசைகள்: மீதிக் கட்டங்கள், வர்க்கம், திரும்பும் பயணத்தின் முதல் பாதி, எல்லாம் மேடையை விட்டு இறங்காமலே. அதன் பிறகு மறுபடி நெடுவரிசைக்கு வருகையில், இந்தச் சுற்றின் (ஒரு தடவை வர்க்கப்படுத்துவது ஒரு சுற்று) கடைசிப் பாதியோடு அடுத்த சுற்றின் முதல் பாதியையும் சேர்த்தே முடித்துவிடுகிறார். சிப்பின் கட்டளைகளையே நேரடியாக எழுதும் அசெம்ப்ளி மொழியில், கையாலேயே எழுதிய நிரல் இது. முதல்முறை புரிந்தபோது எழுந்து வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.

இரண்டு நடை, ஒவ்வொன்றிலும் கொண்டுவர 60, திரும்ப வைக்க 60. ஒரு சுற்றுக்கு 240 எம்பி. இரண்டு குச்சிகள் இரண்டு பாதையாக (இரட்டைச் சேனல்) வேலை செய்யும் டிடிஆர்4-3200 வகை ரேமின் வாசலில் நொடிக்கு அதிகபட்சம் 51.2 ஜிபி போகலாம். அப்படியானால் ஒரு சுற்றுக்குக் குறைந்தது 4.7 மில்லி நொடி. 13.6 கோடிச் சுற்றுக்கு ஏழரை நாள். வாசகரின் ஒன்பது நாளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாலு சமையல்காரர்களே வாசலை அடைத்துவிட்டார்கள். இன்னும் நாலு பேரை இன்னொரு பந்திக்கு இறக்கினால், அவர்களும் அதே வாசலில் கூடையோடு நிற்க வேண்டியதுதான். அப்படி நிற்பதையும் டாஸ்க் மேனேஜர் உழைப்பாகவே எண்ணும். ரேமிலிருந்து எண் வரும்வரை காத்திருக்கும் கோர், இயங்குதளத்தின் கணக்கில் 'பிஸி'.

சிப்பில் ஏவிஎக்ஸ்-512 என்ற கட்டளைத் தொகுதி இருந்தால் ஒரே அடியில் எட்டு எண்ணைக் கணக்கிடலாம் என்பதும் இங்கே பெரிதாகக் கைகொடுக்காது. கத்தியைக் கூர் தீட்டிவிட்டுக் காய்க்குக் காத்திருப்பதுதான். கணினியை வேகமாக்குகிறேன் என்று 'ரேம் கிளீனர்' நிறுவுகிறவர்கள் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தடியில் வைப்பவர்களைவிட எந்த விதத்திலும் பகுத்தறிவாளர்கள் இல்லை. என் பழைய கணினியில் ஒற்றை ரேம் குச்சியோடு பல மாதம் ஓட்டினேன். இரண்டாவது குச்சியைச் செருகிய அன்று சுற்று நேரம் ஏறத்தாழப் பாதியானது. வேறு எதையும் தொடவில்லை.

மின்சாரத்தையும் சொல்ல வேண்டும். 'சும்மா கிடக்கும் நேரத்தைத் தானம் செய்யுங்கள்' என்று அழைப்பது 1996-ல் ஓரளவு நியாயம். இன்றைய சிப் சும்மா இருந்தால் மிகக் குறைவாகத்தான் குடிக்கும். 100 வாட் கூடுதலாக இழுத்தால் நாளுக்கு 2.4 யூனிட். தானம்தான், ஆனால் இலவசம் இல்லை. திட்டங்கள் இதை முதல் பக்கத்திலேயே சொல்லலாம் என்பது என் கட்சி.

2024-ன் அந்தப் பகா எண்ணைக் கண்டதும் வீட்டுக் கணினி இல்லை. அயர்லாந்தின் டப்ளினில் இருந்த என்விடியா ஏ100 சிப். அதன் நினைவக வாசலில் நொடிக்கு ஒன்றரை டெராபைட்டுக்கு மேல் போகும், நம் வாசலைப்போல் முப்பது மடங்கு. வீட்டளவில் வேண்டுமானால் ஏஎம்டி 2022-ல் விளையாட்டுப் பிரியர்களுக்காக விட்ட 5800எக்ஸ்3டி உண்டு. அதன் கேஷே 96 எம்பி. ஒரே எண்ணை ஓட விட்டால் 60 எம்பிப் பட்டியல் மேடையிலேயே அடங்கிவிடும், உக்கிராணத்துப் பக்கம் போகிற வேலையே குறைவு.

வாசகருக்கு: பிரைம்95-ல் வொர்க்கர் எண்ணிக்கையை (ஒரே நேரத்தில் எத்தனை எண்ணைச் சோதிப்பது என்பதை) ஒன்றாகக் குறையுங்கள். பிறகு ஆப்ஷன்ஸ் பட்டியலில் உள்ள பெஞ்ச்மார்க் என்ற வேகச் சோதனையை நாலு, ஐந்து, ஆறு கோருக்குத் தனித்தனியே ஓட்டி, நொடிக்கு எத்தனை சுற்று என்று பாருங்கள். எண் ஏறுவது எங்கே நிற்கிறதோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். மீதிக் கோர்களில் படம் பார்க்கலாம்.