மீன் பெட்டியில் வந்த கட்டி

திருகோணமலையில் மீனைப் பழுதாகாமல் வைக்கத் தெரியாதவர் இல்லை. அந்தப் பழக்கத்தில்தான் சம்பூர்ப் பக்கத்து அண்ணர் ஒருவர், தன் அக்காவின் மார்பிலிருந்து எடுத்த கட்டியை மீன் பெட்டிக்குள் ஐஸ் போட்டு எங்கள் நோயியல் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்தார்.

"பழுதாகேல்லை டொக்டர். ராத்திரி முழுக்க ஐஸுக்குள்ளதான் கிடந்தது."

போத்தலுக்குள் இருந்தது சேலைன், வெறும் உப்புநீர். சத்திரசிகிச்சை நடந்த இடத்தில், திசுவைச் சிதையாமல் காக்கும் திரவமான போமலினை ஊற்றிக் கொடுக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தக் கட்டியில் நாங்கள் தேடுவது ஹெர்2 என்ற புரதத்தை. புற்றுக்கலத்தின் மென்சவ்வில் குத்தி நிற்கும் ஏற்பி, அதாவது கலத்துக்குச் சைகை கடத்தும் புரதம் அது. உள்ளே நீளும் பாகம் டைரோசின் கைனேஸ் என்னும் நொதியம். மார்பகப் புற்றுநோய்களில் 15 முதல் 20 வீதமானவற்றில் இது அளவுமீறி இருந்து கலத்தைப் பெருகச்சொல்லி விரட்டும். இந்தப் புரதத்தைத் தேடி ஒட்டும் ஒரு பிறபொருளெதிரியை (antibody), கட்டியின் மெல்லிய சீவல் உள்ள சிலைட்டில் விடுவோம்; அது ஒட்டிய இடம் கபில நிறமாகும். 10 வீதத்துக்கு மேற்பட்ட புற்றுக்கலங்களைச் சுற்றிக் கடுங்கபிலக் கோடு முழுதாக ஓடினால் 3+, அதாவது ஹெர்2 அளவுமீறி இருக்கிறது. 2+ என்றால் நிச்சயமில்லை, ஹெர்2 மரபணுவை எண்ணிப் பார்க்கும் ஃபிஷ் பரிசோதனைக்குப் போகும். நாங்கள் பாவிக்கும் முயல் பிறபொருளெதிரி இந்தப் புரதத்தின் உள்பாகத்தைப் பிடிக்கிறது. 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் என்ற, ஹெர்2 மிகுந்த புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்தும் ஒரு பிறபொருளெதிரிதான், ஆனால் அது பிடிப்பது வெளிப்பாகத்தை. எனக்கு இன்றும் அலுக்காத வேடிக்கை இது.

சிலைட்டில் விடும் பிறபொருளெதிரியை என்ன விலைக்கு வாங்கினாலும், புரதம் சிதைந்திருந்தால் அது போய் ஒட்ட இடமில்லை. கட்டி வெளியே வந்து 1 மணித்தியாலத்துக்குள் அதைப் பிளந்து 10 வீத நடுநிலைப் போமலினில் போடவேண்டும். 6 முதல் 72 மணித்தியாலம் ஊறவேண்டும். ஐஸ் அழுகலைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். வீட்டுக்காரர் பிளக்கப்போக வேண்டாம். "எடுத்த நேரத்தையும் போமலினில் போட்ட நேரத்தையும் போத்தலில் எழுதித் தாங்கோ" என்று கேட்டால் போதும்.

அக்காவின் சிலைட்டில் ஹெர்2 0. கூடவே வைத்த ஒப்பீட்டுத் திசு நன்றாகவே கபிலமாகியிருந்தது, ஆக நிறமேற்றும் மருந்தில் பிழையில்லை. ஆனால் அதே கட்டியில் நாங்கள் தேடும் இன்னொரு புரதமான ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்கான சிலைட்டில், நிறமேற வேண்டிய சாதாரண பால்கான்களே வெளிறிக் கிடந்தன. அப்படியென்றால் திசுவே பழுதாகியிருக்கலாம். அதைக் கண்டதும் அந்த 0ஐ றிப்போட்டில் எழுத மனம் வரவில்லை. சத்திரசிகிச்சைக்கு முன் ஊசியால் எடுத்த சிறு துண்டின் மெழுகுக் கட்டை இருக்கிறதா என்று விசாரித்தோம். இருந்தது. அதில் 3+.