சாஃப்ட்வேர் திறக்கிறது, டாங்கிளைத்தான் காணோம்

கர்ச்சீப்பில் முடிந்து வைத்திருந்த நீல நிற யுஎஸ்பி டாங்கிளை என் மேசைமேல் வைத்துவிட்டுத்தான் அந்த அம்மா உட்கார்ந்தார். டாங்கிள் என்பது சாஃப்ட்வேரின் லைசென்ஸைச் சுமக்கும் சின்னச் சாவி, அதைச் செருகினால்தான் சாஃப்ட்வேர் திறக்கும். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வீட்டில் சின்ன எம்ப்ராய்டரி மெஷின் ஒன்று வைத்திருக்கிறார். தொழிலுக்கு இல்லை, பொழுதுபோக்குக்கு. அண்ணன் மகள்களுக்கு ரவிக்கைக் கையில் மயில், பேத்தியின் பாவாடையில் அன்னம் என்று அவரே டிசைன் வரைந்து, அவரே பஞ்சிங் செய்து, அதாவது படத்தைத் தையலாக மாற்றி, போடுவார். ஒன்பது வருடமாக அந்த வேலையைச் செய்துவந்த பழைய விண்டோஸ் லேப்டாப்பின் போர்டு போய்விட்டது. வெளிநாட்டில் இருக்கும் மகன், தான் வைத்திருந்த மேக்புக் ஏரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"இதுல அந்த சாஃப்ட்வேரைப் போட்டுக் குடுத்துருங்க தம்பி. ஒரு அரை மணி நேரம் ஆகுங்களா?"

நான்கு நாள் ஆனது. அதற்குப் பிறகும் அவர் கேட்டபடி முழுதாக முடியவில்லை. கோவையில் லேப்டாப் சர்வீஸ் கடை வைத்துப் பதினாறு வருடம் ஆகிறது. வாரத்துக்கு ஒருவராவது இதே கேள்வியோடு வருகிறார்கள். எம்ப்ராய்டரிதான் என்றில்லை. மர வேலைக்கு வரைகிறவர், பொம்மை ரயிலுக்குத் தண்டவாளம் திட்டமிடுகிறவர் என்று ஆள்தான் மாறும், சிக்கல் ஒன்றேதான்.

எம்ப்ராய்டரி சாஃப்ட்வேர்களில் வில்காம் நிறுவனத்தின் ஹாட்ச், பிரதர் நிறுவனத்தின் பிஇ-டிசைன் போன்றவை விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டவை. அவற்றின் இன்ஸ்டால் ஃபைலை மேக்கில் இரண்டு முறை தட்டினால் ஒன்றும் நடக்காது. "மேக்ல விண்டோஸ் போட்டுக்கலாமே" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது பொய்யில்லை, பழைய கதை. 2006-இல் ஆப்பிள் பூட் கேம்ப் என்ற வசதியைக் கொடுத்தது. அன்றைய மேக்குகளில் இருந்தது இன்டெல் சிப். அதனால் விண்டோஸை நேராகவே ஏற்ற முடிந்தது. 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சிப்போடு மேக்குகளை விற்கத் தொடங்கியது. அந்த வகை மேக்குகளில் பூட் கேம்ப் கிடையாது. உங்களிடம் இருப்பது எது என்று தெரிந்துகொள்ள, திரையின் இடது மேல் மூலையில் உள்ள ஆப்பிள் குறியைத் தட்டி 'அபவுட் திஸ் மேக்' பாருங்கள். 'ப்ராசசர்' என்று போட்டு இன்டெல் பெயர் வந்தால் பழையது. 'சிப்' என்று போட்டு ஆப்பிள் எம்1, எம்2 என்பதுபோல வந்தால் புதியது. என்னைக் கூப்பிடுவதற்கு முன் இதைப் பார்த்து வைத்திருந்தாலே பாதி பேச்சு மிச்சம்.

புதிய மேக்கில் இரண்டு வழி உண்டு. முதலாவது, மேக்குக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் இருப்பதுபோல ஒன்றை உருவாக்கி அதில் விண்டோஸ் ஏற்றுவது. பேரலல்ஸ் இதைத்தான் செய்கிறது, ஆனால் காசு கட்ட வேண்டும். விஎம்வேர் ஃப்யூஷன் 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம். யூடிஎம் என்ற இலவச மென்பொருளும் இருக்கிறது. இவற்றில் ஏறுவது சாதாரண விண்டோஸ் அல்ல, ஆர்ம் வகைச் சிப்புக்கான விண்டோஸ் 11. ஆப்பிளின் எம் சிப்பும் அந்த வகைதான். எம்1, எம்2 மேக்குகளில் பேரலல்ஸ் வழியாக அதை ஓட்ட மைக்ரோசாஃப்ட் 2023 பிப்ரவரியில் முறைப்படி ஒப்புதல் கொடுத்தது. விண்டோஸ் லைசென்ஸுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்பதைப் பலர் பில் போடும்போதுதான் கேள்விப்படுகிறார்கள்.

இந்த ஆர்ம் விண்டோஸ், இன்டெல் சிப்புக்காக எழுதிய சாஃப்ட்வேர்களை ஓடும்போதே மொழிபெயர்த்து ஓட்டிவிடும். 32-பிட், 64-பிட் இரண்டும் ஓடும். அந்த அம்மாவின் சாஃப்ட்வேரும் ஓடியது. இன்ஸ்டால் முடிந்து, பெயர்ப்பலகை வந்து, அவருக்குப் பழக்கமான அந்தச் சாம்பல் நிறத் திரையும் வரப்போகிறது என்று நான் டீ சொல்லி அனுப்பினேன். டீ வருவதற்குள் ஒரு சின்னக் கட்டம் வந்து நின்றது: செக்யூரிட்டி கீ இல்லையாம். டாங்கிள் செருகித்தான் இருந்தது. பேரலல்ஸின் மெனுவில் அதன் பெயர்கூடத் தெரிந்தது. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் அதன் தலையில் மஞ்சள் ஆச்சரியக்குறி.

எனக்கு இரண்டு நாளைத் தின்ற இடம் இதுதான். கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றினேன். எதுவும் தேவைப்பட்டிருக்கவில்லை. விண்டோஸ் மொழிபெயர்ப்பது சாஃப்ட்வேரை மட்டும்தான், டிரைவரை அல்ல. டாங்கிளைக் கணினிக்கு அடையாளம் காட்டும் டிரைவர் விண்டோஸின் அடிமட்டத்தில் உட்காருவது. அது ஆர்ம் சிப்புக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். பழைய டாங்கிளுக்கு அப்படி ஒன்றை யாரும் எழுதவில்லையென்றால் அதோடு கதை முடிந்தது. மெஷினை நேரடியாக யுஎஸ்பி கேபிளில் இணைத்து டிசைன் அனுப்புகிறவர்களுக்கும் இதே கதிதான் வரலாம்.

அதனால் இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது சாஃப்ட்வேர் பெயரை அல்ல. "லைசென்ஸ் டாங்கிள்ல இருக்கா, ஆன்லைன்ல இருக்கா?" என்றுதான். டாங்கிள் என்றால், அதை ஆன்லைன் லைசென்ஸாக மாற்றித் தருவார்களா என்று விற்றவரிடம் முதலில் பேசச் சொல்கிறேன். பேரலல்ஸை வாங்குவது அதற்குப் பிறகு. பேரலல்ஸுக்குப் பதினான்கு நாள் சோதனைக் காலம் உண்டு. அந்தப் பதினான்கு நாளில் ஒரு டிசைனைத் திறந்து, திருத்தி, பென்டிரைவில் ஏற்றி, மெஷினில் ஒரு பூவாவது தைத்துப் பார்த்துவிட வேண்டும். திரை திறந்துவிட்டது என்பதற்காகப் பணம் கட்டாதீர்கள்.

இன்னொன்று ரேம். 8 ஜிபி மேக்கில் பாதியை விண்டோஸுக்குக் கொடுத்தால் இரண்டுமே மூச்சு வாங்கும். எம் வகை மேக்கில் பின்னால் ரேம் ஏற்றவும் முடியாது. இந்த வேலைக்கென்றே புதிதாக வாங்குவதாக இருந்தால் 16 ஜிபிக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 11 ஆகக் குறைந்தது 64 ஜிபி இடம் கேட்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இரண்டாவது வழி வைன். 1993-இல், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறவர்கள் தொடங்கியது. இதில் விண்டோஸே இல்லை, அதற்கு லைசென்ஸும் வேண்டாம். சாஃப்ட்வேர் விண்டோஸிடம் "ஃபைலைத் திற", "திரையில் கோடு போடு" என்று கேட்கும் ஒவ்வொன்றையும் லினக்ஸுக்கோ மேக்குக்கோ புரிகிற மாதிரி மாற்றிச் சொல்லும் துபாஷி அது. எந்தச் சாஃப்ட்வேர் எப்படி ஓடுகிறது என்று பயன்படுத்துகிறவர்களே மார்க் போட்டிருக்கும் பட்டியல் வைனின் தளத்தில் இருக்கிறது. பிளாட்டினம், கோல்டு என்று இறங்கி, கடைசித் தரத்துக்குக் குப்பை என்றே பெயர். ஒளிவுமறைவு இல்லாத ஆட்கள். டாங்கிள் இல்லாத பழைய சின்னச் சாஃப்ட்வேர்கள் இதில் அழகாக ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். டாங்கிள் இருந்தால் இங்கேயும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். புதிய மேக்கில் வைன் ஓடுவதற்கு, இன்டெல் சிப்புக்கு எழுதியதை எம் சிப்புக்கு மாற்றித் தரும் ஆப்பிளின் ரொசெட்டா 2 கைகொடுக்கிறது. அதை மேக்கின் இயங்குதளமான மேக்ஓஎஸ்ஸின் 27-ஆம் பதிப்பு வரைதான் முழுதாக வைத்திருப்போம் என்று ஆப்பிள் 2025 ஜூனில் சொல்லிவிட்டது. ஆகவே மேக்கில் வைனை நம்பிப் பத்து வருடத் திட்டம் போட வேண்டாம்.

லைசென்ஸ் பற்றி ஒரு வார்த்தை, என் தப்பிலிருந்தே சொல்கிறேன். ஆன்லைன் லைசென்ஸுக்கு மேக்குக்குள் இருக்கும் விண்டோஸும் தனியொரு கம்ப்யூட்டர்தான். ஒரு வாடிக்கையாளருக்கு அதைச் சுத்தமாக அழித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தேன். அழிக்கும் முன் சாஃப்ட்வேரில் டிஆக்டிவேட் கொடுத்து அந்த லைசென்ஸை விடுவிக்க மறந்துவிட்டேன். அவருக்கு அனுமதித்திருந்த இரண்டு கம்ப்யூட்டர் கணக்கில் ஒன்று காற்றோடு போனது. மெயில் மேல் மெயில் போட்டு மீட்க மூன்று வாரம் ஆனது. அந்த வேலைக்கு நான் காசு வாங்கவில்லை.

இந்த அலைச்சலுக்குப் பயந்து சிலர் குறுக்கு வழி தேடுகிறார்கள். "மேக்குக்கே ரெடி பண்ணது, டாங்கிள் வேண்டாம்" என்று யாரோ அனுப்பும் லிங்க். கல்லூரி முடித்த பையன் ஒருவன் அம்மாவுக்காக அப்படி ஒன்றை இறக்கினான். இன்ஸ்டால் செய்யும் குறிப்பில் முதல் வரியே ஆன்டிவைரஸை நிறுத்தச் சொன்னது. அவனும் நிறுத்தினான். மூன்றாம் நாள் அவன் மெயில் பாஸ்வேர்டு மாறியிருந்தது. பிரவுசரில் சேமித்து வைத்த எல்லாமே போயிருக்கும் என்று வைத்துக்கொண்டு, உட்கார்ந்து ஒவ்வொரு கணக்காக மாற்றினோம். வீட்டுக் கதவைத் திறந்துவைத்துவிட்டு வா என்று சொல்கிறவனை நம்பிப் பூட்டு வாங்குவோமா?

அடுத்தது பென்டிரைவ். இதைக் கேட்க ஆளில்லாமல் மெஷினையே சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். மேக்கில் இருந்து டிசைனை நகலெடுத்து மெஷினில் செருகினால், ஒரு மயிலுக்கு இரண்டு மயில் ஃபைல் தெரியலாம். ஒன்றின் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் ஓர் அடிக்கோடும் இருக்கும். அது மேக் தன் குறிப்புக்காக எழுதிவைக்கும் துணுக்கு, அதில் தையலே இல்லை. அதைத் தொட்டால் மெஷின் படிக்க முடியவில்லை என்று சொல்லும். அந்த அம்மாவும் மெஷின் கெட்டுவிட்டது என்றுதான் அழுகிற குரலில் போன் செய்தார். புள்ளி இல்லாததைத் தொடச் சொன்னேன், மயில் வந்தது. பென்டிரைவை விண்டோஸ் பக்கம் இணைத்து, அங்கிருந்தே நகலெடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. பென்டிரைவ் 32 ஜிபிக்கு மேல் வேண்டாம். ஃபேட்32-இல் ஃபார்மட் செய்யுங்கள், மேக்கில் அதை எம்எஸ்-டாஸ் ஃபேட் என்று போட்டிருப்பார்கள்.

இவ்வளவுக்கும் மாற்றாக இங்க்ஸ்டிட்ச் இருக்கிறது. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளோடு சேர்ந்து ஓடுவது. இலவசம். மேக், லினக்ஸ், விண்டோஸ் மூன்றிலும் நேராகவே ஓடும். டிஎஸ்டி, பிஇஎஸ், ஜெஇஎஃப் என்று வீட்டு மெஷின்கள் கேட்கும் வகைகளில் எழுதித் தரும். பழக ஒரு மாதம் கையைக் கடிக்கும், உண்மைதான். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

பழைய டிசைன்கள் குவிந்திருப்பவர்களுக்குத்தான் கஷ்டம். டிஎஸ்டி போன்ற ஃபைலில் இருப்பது ஊசி எங்கெங்கே போக வேண்டும் என்பது மட்டுமே, நூலின் நிறம்கூட அதில் கிடையாது. மயிலைப் பெரிதாக்கினால் தையல் விலகிச் சல்லடையாகும், சிறிதாக்கினால் நெருங்கி நூல் அறும். இது சாட்டின், இது நிரப்புத் தையல், இந்த அடர்த்தி என்ற விவரமெல்லாம் அந்தந்தச் சாஃப்ட்வேரின் சொந்த ஃபைலில்தான் இருக்கும். அதை வேறொன்றில் திறந்து திருத்தலாம் என்று நம்பி இருக்காதீர்கள். பழைய கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும்போதே வரைபடத்தை எஸ்விஜி என்ற கோட்டோவிய ஃபைலாகவும், தையலை மெஷின் வகையிலும், சொந்த ஃபைலையும் மூன்றாக எடுத்து வையுங்கள். அந்த அம்மாவின் செத்த லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் தப்பியிருந்ததால் அவருடைய நானூறு சொச்சம் டிசைனும் கிடைத்தன. எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

டாங்கிளை ஆன்லைனுக்கு மாற்ற முடியாது, புதிய பதிப்பு வாங்குங்கள் என்று அவருக்கு விற்ற கடையில் சொல்லிவிட்டார்கள். அந்த விலைக்கு இன்னொரு மெஷினே வாங்கலாம். கடைசியில் என்னிடம் வந்திருந்த பழைய லேப்டாப் ஒன்றில் விண்டோஸ் 10 போட்டு, டாங்கிளைச் செருகிக் கொடுத்தேன். மஞ்சள் குறி வரவில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது என்பதால் அதை நெட்டில் இணைக்கவே கூடாது, பென்டிரைவ் மட்டும்தான் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினேன். புதிய டிசைன்களை மேக்கில் இங்க்ஸ்டிட்ச்சில் பழகிக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் சார்ஜர் மாற்ற அந்த லேப்டாப்போடு வந்தார். டாங்கிள் தொலையாமல் இருக்கச் சிவப்பு நூலால் மூடியோடு சேர்த்துக் கட்டியிருந்தார். மூடியின் மேல் ஆசிரியை கையெழுத்தில் ஒரு சீட்டு: 'இதில் வை-ஃபை போடக் கூடாது'. பேரன் கேம் கேட்டு வந்தால் அதைத்தான் காட்டுகிறாராம்.