ஏழு போர்டு வச்சும் ஆம்புலன்ஸ் உள்ள போக முடியல

நேத்து சாயங்காலம் ஒரு அபார்ட்மென்ட் செகரட்டரி போன் பண்ணார். "மேடம், பத்து நோ பார்க்கிங் போர்டு அடிக்கச் சொல்லியிருக்கோம், எங்கெங்க மாட்டலாம்னு மட்டும் வந்து சொல்லிட்டுப் போங்க." பத்து! அவங்க முன்பக்கக் காம்பவுண்டு சுவரே முப்பது மீட்டர்தான் இருக்கும். போனை வச்சுட்டு அந்தக் கோவத்துலயே இதை எழுத உக்காந்துட்டேன், எங்கயாவது சூடா இருந்தா மன்னிச்சுக்கங்க.

நான் ரோடு சேஃப்டி ஆடிட் பண்றவ. பதினாறு வருஷமா டேப்பும் கேமராவும் தூக்கிக்கிட்டு ரோட்டோரமா அலையுற பொழப்பு. ஸ்கூல், ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், அபார்ட்மென்ட்னு யாரு கூப்பிட்டாலும் மொத கேள்வி ஒண்ணுதான்: இன்னும் எத்தனை போர்டு வைக்கணும்? இருக்குற போர்டு ஏன் வேலை செய்யலன்னு ஒருத்தர்கூட கேட்டதில்ல.

ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ஆஸ்பத்திரிலேர்ந்து கூப்பிட்டாங்க, பேரு ஊரு வேணாம். எமர்ஜென்சி வாசலை அடைச்சு வண்டி நிறுத்திட்டதால ஆம்புலன்ஸ் நாலு நிமிஷம் வெளிலயே நின்னு, கடைசில ரோட்லயே ஸ்ட்ரெச்சரை இறக்கித் தள்ளிக்கிட்டு ஓடியிருக்காங்க. பெரியவர் பொழைச்சுக்கிட்டார், அந்த மட்டும் புண்ணியம். மேனேஜர் என்கிட்ட சொன்ன மொத வார்த்தை, "ஏழு போர்டு வச்சிருக்கோம் மேடம், இந்த ஜனங்களுக்கு அறிவே கிடையாது."

போய் எண்ணிப் பாத்தேன், ஏழுதான். ரெண்டு ஃப்ளெக்ஸ், காம்பவுண்டு சுவரோட ஒட்டி ஆணி அடிச்சிருக்கு. ரோட்ல வர்றவனுக்கு சுவர் பக்கவாட்டுலதான தெரியும், அந்த போர்டை நேரா பாத்து அவன் படிக்கணும்னா வண்டியை நிறுத்திட்டுத் திரும்பணும், அதாவது நோ பார்க்கிங்னு படிக்கிறதுக்கே அங்க பார்க் பண்ணணும். மூணாவது ஒரு ஜவுளிக்கடை உபயம், கடைப் பேரு முக்கால்வாசி, நோ பார்க்கிங் கால்வாசி. நாலாவது கேட்டுல பெயின்ட்ல எழுதினது, கேட்டைத் தொறந்தா உள்பக்கம் மடங்கிப் போயிடும், எமர்ஜென்சி கேட்டு எப்பவும் தொறந்துதான் இருக்கும். அஞ்சாவதுல "மீறினால் காற்று பிடுங்கப்படும்". ஆறாவது லேமினேட் பண்ண ஏ4 பேப்பர், "ப்ளீஸ்"னு போட்டு செலோ டேப்ல ஒட்டினது, பாவம் அது மட்டும்தான் மரியாதையா கேட்டுச்சு. ஏழாவது உண்மையான போர்டு, வட்டமா, கம்பத்துல, ரோட்டைப் பாத்து நிக்குது. ஆனா புங்க மரக்கிளைக்குள்ள.

மறுநாள் காலைல ஆறே முக்காலுக்கே போய் எதிர்ல டீக்கடைல உக்காந்துட்டேன். மொத வண்டி ஏழு மணிக்கு வந்துச்சு, நேரா அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழ ஸ்டாண்டு போட்டுட்டு ஒருத்தர் உள்ள போனார், ஆஸ்பத்திரி லேப் ஸ்டாஃப். அடுத்தது பார்மசி. எட்டு மணிக்கு ஒம்போது பைக், ஒம்போதும் ஸ்டாஃபோடது. அதுக்கப்புறம்தான் அறிவே இல்லாத அந்த ஜனங்க வர ஆரம்பிச்சாங்க, வந்து என்ன பாப்பாங்க? ஒம்போது பைக் வரிசையா நிக்குது, சரி இதான் பார்க்கிங் போலன்னு பத்தாவதா நிறுத்திட்டுப் போனாங்க. ரோட்ல ஏற்கனவே நிக்கிற வண்டியை விட பெரிய போர்டு எதுவும் கெடையாது. இது எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரியும், போர்டுக்குக் காசு குடுக்குறவங்களுக்கு மட்டும் தெரியாது.

இப்ப எனக்கு ரத்தம் கொதிக்கிற விஷயத்துக்கு வர்றேன். போர்டுன்னா ஏதோ நோட்டீஸ் மாதிரி, எழுதி ஒட்டிட்டா எல்லாரும் நின்னு படிச்சு யோசிச்சு கட்டுப்படணும், கட்டுப்படலன்னா அவன் திமிர் புடிச்சவன், இப்படித்தான் நினைக்கிறாங்க. படிக்க நேரம் எங்கங்க இருக்கு? மணிக்கு 40 கிலோமீட்டர்ல வர்ற வண்டி ஒரு செகண்டுக்கு 11 மீட்டர் ஓடிடும். 60ல வந்தா கிட்டத்தட்ட 17 மீட்டர். கண்ணு பாத்து மூளைக்கு உரைச்சு கால் பிரேக்கை மிதிக்க ரெண்டரை செகண்டுன்னு எடுத்துக்கிட்டுதான் நம்ம நாட்டு ரோடு டிசைனே போடுறோம், அப்ப 60ல வர்றவன் பிரேக்கைத் தொடுறதுக்குள்ளயே 42 மீட்டர் தாண்டியிருப்பான், முழுசா நிக்க 80 மீட்டர் வேணும். இதுல பின் சீட்ல அப்பா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார்னு வைங்க, அவன் உங்க ஃப்ளெக்ஸ்ல "அன்பான வேண்டுகோள்"லேர்ந்து "இப்படிக்கு நிர்வாகம்" வரைக்கும் வாசிச்சுக்கிட்டிருப்பானா? அவன் மண்டைல ஓடுற ஒரே கேள்வி வண்டியை எங்க போடுறதுங்கறதுதான். உங்க ஏழு போர்டும் எங்க போடக்கூடாதுன்னு மட்டும் சொல்லுது. எங்க போடணும்னு சொல்ற ஒரு போர்டு கூட அந்தத் தெருவுலயே இல்ல. ஆஸ்பத்திரிக்குப் பின்னால நாப்பது வண்டி நிக்கிற எடம் சும்மா கெடக்கு, அது இருக்குறதே வாட்ச்மேன் அண்ணன் சொல்லித்தான் எனக்கே தெரியும்!

அதுக்குத்தாங்க எழுத்தை நம்பாம வடிவத்தையும் கலரையும் வச்சிருக்காங்க. சிவப்பு வளையம் போட்ட வட்டம்னா செய்யாதே, முழு நீல வட்டம்னா இதைத்தான் செய்யணும், முக்கோணம்னா பாத்து வா, நீலச் சதுரம் செவ்வகம்னா தகவல். ஸ்டாப் போர்டை மட்டும் எண்கோணமா வச்சதே, புழுதி படிஞ்சாலும் முதுகுப் பக்கம் பாத்தாலும் அது என்னன்னு தெரியணும்னுதான். எல்எல்ஆர் டெஸ்ட்டுக்கு முந்தின நாள் ராத்திரி எல்லாரும் மனப்பாடம் பண்றோம், லைசன்ஸ் கைக்கு வந்த அன்னைக்கே மறந்துடுறோம்.

டெஸ்ட் பாஸான பத்து பேரைக் கேட்டா எட்டு பேர் தப்பா சொல்ற ஒண்ணு இருக்கு, சரியானது இதான்: நீல வட்டம், சிவப்பு வளையம், குறுக்க ஒரு சிவப்புக் கோடுன்னா நோ பார்க்கிங். ஆளை இறக்கிவிட்டுட்டு உடனே கிளம்பிடலாம், வண்டியைப் போட்டுட்டுப் போகக்கூடாது. அதே வட்டத்துல ரெண்டு கோடு பெருக்கல் குறி மாதிரி இருந்தா நிக்கவே கூடாது, இறக்கிவிடக் கூட நிக்கக்கூடாது. ஒரு கோடு, ரெண்டு கோடு, அவ்ளோதான். "நான் வண்டிக்குள்ளயே உக்காந்திருந்தேன், அப்புறம் எப்படிங்க பார்க்கிங்?"னு சண்டை போடுறவங்க, நாலு இண்டிகேட்டரையும் சேத்துப் போட்டுட்டா நோ பார்க்கிங் ரத்தாயிடும்னு நம்புறவங்க, உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்குறேன், ஹசார்ட் லைட்டு பார்க்கிங் பெர்மிட் இல்ல. வண்டி ரிப்பேராகி நடுரோட்ல நின்னா பின்னால வர்றவனை எச்சரிக்க வச்சது. (ஜங்ஷன்ல நேரா போறதுக்கு அதைப் போடுறவங்களைப் பத்தி தனியா ஒருநாள் எழுதுறேன், இன்னைக்கு பிபி தாங்காது.)

அடுத்த குரூப், "போர்டே இல்லையே, அப்ப நிறுத்தலாம்ல?" கெடையாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 122, மத்தவங்களுக்கு ஆபத்தோ இடைஞ்சலோ வர்ற மாதிரி வண்டியை விட்டுட்டுப் போகவே கூடாது, அங்க போர்டு இருக்கா இல்லையாங்கற பேச்சே கெடையாது. நடைபாதை, பஸ் ஸ்டாப், ஜங்ஷன் முனை, இன்னொருத்தர் வீட்டு கேட் முன்னாடி, இதுக்கெல்லாம் போர்டு வைக்கணும்னா ஊர்ல மனுஷன விட கம்பம் அதிகமாயிடும். போர்டை மீறினா ஃபைன் மொத தடவை 500, மறுபடி பண்ணா 1500, நிறுத்தக்கூடாத எடத்துல இருந்தா பிரிவு 127ல வண்டியை இழுத்துட்டுப் போகவும் வழி இருக்கு.

இதைப் படிச்சிட்டு வீட்டுக்காரங்க சந்தோஷப்பட வேணாம், உங்களுக்கும் இருக்கு. உங்க கேட்டை மறைச்சு ஒருத்தன் நிறுத்தினா அவன் தப்பு, சரி. ஆனா கேட்டுக்கு இந்தப் பக்கம் பத்தடி அந்தப் பக்கம் பத்தடி சேத்து பூந்தொட்டி, உடைஞ்ச நாற்காலி, சிமென்ட் வாளில நட்ட இரும்புக் குழாய், அதுல போலீஸ் போர்டு மாதிரியே நோ பார்க்கிங் வட்டம், இதெல்லாம் யாரு பெர்மிஷன் குடுத்தது? பொது ரோட்ல டிராஃபிக் போர்டு வைக்கிற அதிகாரம் பிரிவு 116ல அரசுக்கும் அரசு சொன்ன அமைப்புக்கும்தான். டிராஃபிக் போர்டு மாதிரியே இருந்து ஆளை ஏமாத்துற போர்டையும், நெஜ போர்டை மறைக்கிற விளம்பரத்தையும் எடுத்துப்போடச் சொல்லியே அதே பிரிவுல இருக்கு. காத்தைப் பிடுங்குவேன்னு எழுதுறதெல்லாம் மிரட்டல், நெஜமாவே பிடுங்கினா அடுத்தவன் வண்டிய சேதம் பண்ணதுக்கு நீங்கதான் ஸ்டேஷன்ல நிக்கணும். இதை விடப் பெரிய நஷ்டம் ஒண்ணு இருக்கு. தெருவுக்கு இருபது டூப்ளிகேட் போர்டு பாத்துப் பழகினவன் ஒரிஜினலைப் பாத்தாலும் எவனோ வீட்டுக்காரன் வச்சதுன்னு நிறுத்திட்டுப் போயிடுவான். ஆஸ்பத்திரி வாசல்ல நடந்ததும் கொஞ்சம் இதுதான்.

ஒரிஜினலை நாம வச்சிருக்குற லட்சணம் தனி. வளைவுல இருக்குற அம்புக்குறி போர்டு மேல டு-லெட், மூலம் பௌத்திரம், வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம். ஒட்டுற தம்பிங்களா, ஒட்டுறதுக்கு ஊர்ல வேற செவுரே இல்லையா? போர்டை வேணும்னே அழிக்கிறது, மாத்துறது, கெடுக்குறது எல்லாமே சட்டப்படி தப்பு. தெரியாம வண்டி இடிச்சு போர்டு வீணாப் போயிட்டாக்கூட 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ்ல சொல்லணும்னு ரூல் இருக்கு, இதுவரைக்கும் அப்படிச் சொன்ன ஒரே ஒருத்தரைத்தான் பாத்திருக்கேன், லாரி டிரைவர், நல்ல மனுஷன்.

ஸ்கூல்காரங்களுக்கு ஒண்ணு. "முன்னால் பள்ளி, மெதுவாகச் செல்லவும்"னு நன்கொடையாளர் போட்டோவோட பேனர் வச்சா பகல்ல அவர் முகம் தெரியும், ராத்திரி ஒண்ணுமே தெரியாது. நெஜ போர்டுல ஒட்டுற ஷீட்டு, ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த வழியே டிரைவர் கண்ணுக்குத் திருப்பி அனுப்பும், ஃப்ளெக்ஸ் அனுப்பாது. நீங்களே பாக்கலாம், ராத்திரி ஒரு இருபது அடி தள்ளி நின்னு செல்போன் டார்ச்சை கண்ணுக்குப் பக்கத்துல, நெத்திப்பொட்டுல வச்சு போர்டு மேல அடிங்க. பளிச்சுன்னு முழிச்சா உயிரோட இருக்கு, மங்கலா இருந்தா செத்துப்போச்சு, மாத்தச் சொல்லி நகராட்சில எழுதிக் குடுங்க, சென்னைன்னா 1913க்கு போன் போடுங்க. பகல்ல சிவப்பு வெளுத்திருக்கான்னும் பாருங்க, வெயில்ல மொதல்ல போறது பெரும்பாலும் சிவப்புதான், கடைசில நோ பார்க்கிங் போர்டு வெறும் நீல வட்டமா அசட்டுத்தனமா நிக்கும். அப்புறம் வேகத்தடைக்குப் பக்கத்துலயே "வேகத்தடை"னு போர்டு நடுறது, அது எச்சரிக்கை இல்லங்க, பேரு எழுதி வைக்கிறது. முன்னாடியே வைங்க.

ஆஸ்பத்திரில கடைசியா என்ன பண்ணோம்னா, மொதல்ல போர்டை எல்லாம் கழட்டினோம். மேனேஜர் முகத்தைப் பாக்கணுமே, நகையைக் கழட்டுன மாதிரி. ஸ்டாஃப் வண்டி எல்லாம் பின்பக்கம், எம்.டி. கார் உட்பட, இதுக்கு மட்டும் ஒரு வாரம் பஞ்சாயத்து. வாசலுக்கு அறுபது மீட்டர் முன்னாலயே நீல போர்டுல பெரிய P, ஒரு அம்புக்குறி, கீழ பைக் படமும் கார் படமும், வேற ஒரு வார்த்தை கிடையாது. வாசலுக்கு ரெண்டு பக்கமும் பெருக்கல் குறி போட்ட நிக்கக்கூடாது போர்டு, எங்கேர்ந்து எது வரைக்கும்னு அம்புக்குறித் தகடோட, ஆள் உயரத்துக்கு மேல, ரோட்டைப் பாத்த மாதிரி. ரெண்டுக்கும் நடுவுல தரைல மஞ்சக் கோடு. ரோட்ல வைக்கிறதால டிராஃபிக் போலீஸ், நகராட்சி ரெண்டு எடத்துலயும் லெட்டர் குடுத்து அவங்களே வந்துதான் வச்சாங்க, மூணு வாரம் இழுத்துச்சு. புங்க மரத்தை வெட்டலாமான்னு கேட்டாங்க, வேணவே வேணாம்னு கம்பத்தை நாலடி தள்ளி நடச் சொன்னேன்.

போன வாரம் அந்தப் பக்கம் போனப்ப இறங்கிப் பாத்தேன். மஞ்சக் கோட்டுல ஒரு பைக் நின்னுது. வாட்ச்மேன் அண்ணன்கிட்ட "என்னண்ணே இது?"ன்னு கேட்டா சிரிக்கிறார். "முன்ன நாளைக்கு அம்பது பேரோட மல்லுக்கட்டுவேன் மேடம், இப்ப அஞ்சாறு பேருதான், இந்தாளு மாத்திரை வாங்கப் போயிருக்காரு, வந்ததும் எடுக்க வச்சுடுறேன்"னார். P போர்டுக்குக் கீழ எவனோ டு-லெட் ஒட்டியிருந்தான், சாவியை வச்சு சுரண்டி எடுத்துட்டு வந்தேன்.

செகரட்டரி சார், பத்து போர்டு ஆர்டரை ரெண்டாக் கொறைங்க, சனிக்கெழமை காலைல ஆறரைக்கு வர்றேன், உங்க வாசல்ல மொத வண்டி யாருதுன்னு சேந்து பாப்போம்.