பிள்ளை வாயை மூடிக்கொண்டால்

காரைக்குடிப் பக்கம் பல வீட்டு வளவுகளில் பார்க்கிற காட்சிதான். பத்து மாதப் பேரன் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அப்பத்தா வெள்ளிக் கிண்ணத்தோடு பின்னாலேயே போகிறார். "இன்னும் ஒரே ஒரு வாய் ராசா!" அவன் முகத்தைத் திருப்புகிறான். கன்னத்தை லேசாக அழுத்தி, வாய் திறந்ததும் சோற்றை உள்ளே தள்ளிவிடுகிறார். பாசத்துக்குக் குறைவில்லை. ஆனால் அவன் முகத்தைத் திருப்பியபோதே 'போதும்' என்று சொல்லிவிட்டான்.

வயிறு காலியானால் கிரெலின் என்ற ஹார்மோன் சுரந்து மூளையில் பசியைக் கிளப்புகிறது. பிள்ளை கையை வாயில் வைக்கும், கிண்ணத்தை நோக்கிச் சாயும். அழுகை கடைசியில்தான் வரும். சாப்பிடச் சாப்பிட இரைப்பை விரிகிறது. வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு அதை மூளைத்தண்டுக்குச் சொல்கிறது. பருப்பும் நெய்யும் சிறுகுடலுக்குப் போனதும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரந்து 'போதும்' என்ற உணர்வைக் கூட்டுகிறது. இதற்கெல்லாம் கொஞ்ச நேரம் பிடிக்கும். அவசரமாக ஊட்டினால் அந்தச் செய்தி போய்ச் சேருவதற்குள் கிண்ணம் காலியாகிவிடும்.

பிள்ளைகளின் இந்தக் கணக்கு வியப்பானது. அமெரிக்காவின் அயோவாவில் சாமுவேல் ஃபோமன் குழுவினர் 1975-ல் வெளியிட்ட ஆய்வில், சில குழந்தைகளுக்கு நீர்த்த புட்டிப்பாலும் சிலருக்குச் செறிவான பாலும் கொடுத்தார்கள். நீர்த்த பால் கிடைத்தவர்கள் அதிகம் குடித்தார்கள், செறிவான பால் கிடைத்தவர்கள் குறைத்துக்கொண்டார்கள். முதல் ஆறு வாரத்தில் இந்தச் சரிக்கட்டல் முழுமையாக இல்லை. பிறகு நன்றாகவே கூடி வந்தது.

ஆனால் வயிற்றுக்கு ஓர் எல்லை உண்டு. உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 30 மில்லி என்றால், எட்டுக் கிலோ பிள்ளைக்கு 240 மில்லிதான். தண்ணியான கஞ்சியும் ரசஞ்சோறும் அதை நிரப்பிவிடும், சத்து மட்டும் போதாது. "ரெண்டு வாய்க்கு மேல வாங்க மாட்டேங்குறான்" என்று வருந்தும் வீடுகளில் நான் முதலில் கிண்ணத்தைத்தான் பார்ப்பேன். குழைய மசித்த பருப்புச் சோறு, நெய், முட்டை: கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத பதம் வேண்டும்.

'போதும்' என்பதை மீறித் தினமும் திணித்தால், பிள்ளை தன் வயிற்றுக் குரலைக் கேட்பதை மெல்ல விட்டுவிடக்கூடும்; சிலருக்குச் சாப்பாடே வெறுத்துப்போகும். செல்போனைக் காட்டி ஊட்டுவதும் அந்தக் குரலை மறைக்கிறது. அதற்காக, கேட்டால் கொடுக்கலாம் என்று விட்டுவிடவும் கூடாது. எதிரில் உட்கார்ந்து, முகம் பார்த்துப் பேசி, ஒரு வாய் விழுங்கிய பிறகு அடுத்த வாய் நீட்ட வேண்டும். 6 முதல் 23 மாதப் பிள்ளைகளுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதலும் இப்படிக் குறிப்பறிந்து ஊட்டுவதைத்தான் பரிந்துரைக்கிறது. புதுக் காயைத் துப்பினால் சில நாள் கழித்து மறுபடி கொடுங்கள்; எட்டுப் பத்து முறை ருசி பார்த்த பிறகு ஏற்கும் பிள்ளைகள் உண்டு.

காய்ச்சலில் பசி குறையும். அப்போது தாய்ப்பாலை அடிக்கடி கொடுத்து, பிடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டலாம். காய்ச்சல் விட்டதும் அவனே கிண்ணத்தைத் தேடி வருவான். அடுத்த இரண்டு வாரம் தினமும் ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள்.