எலிக்குக் குறைந்தது பயமா, பிரஷரா?

பிரஷர் மாத்திரை மனநோய்க்கும் கேட்கிறதாம் என்று அவ்வப்போது செய்தி வரும். உள்ளே போய்ப் பார்த்தால் பெரும்பாலும் எலிகளில் செய்த சோதனையாக இருக்கும். பழைய மருந்தை எடுத்துச் சோதிப்பதில் லாபம் உண்டு. மனிதருக்கு எவ்வளவு கொடுக்கலாம், யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் முன்பே தெரிந்திருக்கும். ஆனால் இதயத்துக்கென்று வந்த மருந்து, பெரும்பாலும் எலியின் நாடித்துடிப்பையோ பிரஷரையோ இறக்கிவிடும். துவண்டு உட்கார்ந்த எலி ஒரு சோதனையில் பயந்த எலியாகத் தெரியும், இன்னொன்றில் மனச்சோர்வு வந்த எலியாகத் தெரியும். மூளையில் நடந்தது எது, உடம்பில் நடந்தது எது என்று பிரிக்க வழி செய்யாத சோதனையை நம்பக் கூடாது.

அப்படிப் பிரித்துக் காட்டியதற்கு நல்ல உதாரணம் ப்ரொப்ரனலால். 1960களில் நெஞ்சுவலிக்காக வந்த பீட்டா ப்ளாக்கர் இது; அதாவது அட்ரினலின், நார்அட்ரினலின் இவற்றின் வேலையை மறிக்கும் மருந்து. கொழுப்பில் கரையும் என்பதால் மூளைக்குள்ளும் சுலபமாகப் போகும். ஒரு பயத்தை மறுபடி நினைவுபடுத்தினால் அந்த நினைவு சில மணி நேரம் இளகி, பிறகுதான் இறுகுகிறது என்று 2000ஆம் ஆண்டில் நாடர், ஷேஃப், லெடூ என்ற ஆய்வாளர்கள் மூவரும் எலிகளில் காட்டினார்கள். அந்த இறுகும் வேலைக்கு, பதற்றத்தில் சுரக்கும் நார்அட்ரினலின் தேவையென்றால், அதை மறிக்கும் மருந்தை அந்த நேரத்தில் கொடுத்துப் பார்க்கலாமே? 2004இல் டெபியெட்ஸும் லெடூவும் கொடுத்துப் பார்த்தார்கள்.

இவ்வகைச் சோதனை மூன்று நாள் வேலை. முதல் நாள், ஒரு ஒலியும் அது முடியும் தறுவாயில் காலடிக் கம்பியில் லேசான மின்னதிர்ச்சியும். மறுநாள் வேறொரு கூண்டில் ஒலியை மட்டும் ஒரே ஒரு முறை ஒலிக்கவிட்டு, உடனே வயிற்றில் ஊசி, கிலோவுக்கு 10 மி.கி. மூன்றாம் நாள் மருந்தே இல்லாமல் ஒலியை மட்டும் கொடுத்து, எலி எத்தனை விநாடி உறைந்து நிற்கிறது என்று எண்ண வேண்டும். உறைதல் என்றால் மூச்சைத் தவிர வேறு அசைவே இல்லாமல் நிற்பது. எலியின் உடம்பில் ப்ரொப்ரனலால் சில மணி நேரத்துக்கு மேல் தங்காது. ஆகவே மூன்றாம் நாள் காணும் மாற்றத்தை மந்தமான நாடித்துடிப்பின் மேல் போட முடியாது. மருந்து பெற்ற எலிகள் குறைவாகவே உறைந்தன. முதல் நாள் பயிற்சி முடிந்த கையோடு கொடுத்தபோது மட்டும் பலன் இல்லை.

இதோடு இன்னும் இரண்டு குழுக்கள் தேவை. இரண்டாம் நாள் ஒலியைக் கேட்காமலே ஊசி மட்டும் போட்டுக்கொண்ட எலிகள் ஒன்று. அவற்றின் பயமும் குறைந்தால் நினைவு இளகிய கதை பொய். மற்றொன்று, நாடோலால் போல மூளைக்குள் அதிகம் போகாத பீட்டா ப்ளாக்கர் பெற்ற எலிகள். அவற்றிலும் பயம் குறைந்தால் காரணம் மூளையல்ல, உடம்பு. செலவை மிச்சம் பிடிக்க முதலில் கைவிடப்படுவதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது குழுதான்.

அளவில்தான் அதிகம் தவறுகிறார்கள். 300 கிராம் எலிக்கு 3 மி.கி., அதாவது ஒரு மில்லியில் 10 மி.கி. இருக்கும் கரைசலில் 0.3 மில்லி. இதையே மனிதருக்குக் கணக்குப் போட்டு 60 கிலோவுக்கு 600 மி.கி. என்று எழுதிவிடுகிறார்கள். உடல் பரப்பை வைத்துத்தான் மாற்ற வேண்டும்: எலி அளவை 6.2ஆலும் சுண்டெலி அளவை 12.3ஆலும் வகுக்க வேண்டும். அப்போது கிலோவுக்கு 1.6 மி.கி., 60 கிலோவுக்கு 100 மி.கி.க்குச் சற்றுக் குறைவு. டச்சு உளவியலாளர் மெரல் கிண்டின் குழு 2009இல் ஆரோக்கியமான மனிதர்களின் பய நினைவை இதே வழியில் மங்கச் செய்தபோது கொடுத்தது 40 மி.கி. கடையில் வாங்கிய மாத்திரையை இடித்துக் கலக்குவதும் வேண்டாம். அதில் மருந்தைவிட நிரப்புப் பொருளே அதிகம். சுத்தமான மருந்துத் தூளும், மருந்தில்லாத அதே கரைசல் பெற்ற ஒப்பீட்டுக் குழுவும் வேண்டும்.

மனிதரில் வாயால் கொடுத்தால் மருந்து ஏற நேரமாகும். அதனால் 2018இல் வெளிவந்த ஆய்வில் கனடா ஆய்வாளர் ஆலன் ப்ரூனேயின் குழு, அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவழுத்தக் கோளாறுள்ள 60 பேரை எடுத்துக்கொண்டு, சம்பவத்தை நினைவுபடுத்துவதற்கு 90 நிமிடம் முன்பே மருந்தோ போலி மாத்திரையோ கொடுத்தது. வாரம் ஒரு முறை, ஆறு வாரம். மருந்து பெற்றவர்களின் அறிகுறிகள் அதிகம் குறைந்தன. ஆனால் ஆரோக்கியமானவர்களில் கிண்ட் கண்ட முடிவைத் திரும்பச் செய்துபார்த்த வேறு சிலருக்கு அது கிடைக்கவில்லை. எனவே கதவு பாதிதான் திறந்திருக்கிறது.

ஸ்பைரோனோலாக்டோன் விஷயம் வேறு மாதிரி. இதயச் செயலிழப்புக்கும் பிரஷருக்கும் கொடுக்கும் இந்த மருந்து எலி, சுண்டெலி இரண்டிலும் மது குடிப்பதைக் குறைத்ததாக 2022இல் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. இது சிறுநீரைப் பெருக்கும் மருந்து, தாகத்தையே மாற்றிவிடலாம். ஆகவே தண்ணீர், தீனி, நடமாட்டம் மூன்றையும் அளக்காமல் மதுவை மட்டும் அளந்தால் பயனில்லை. அந்த ஆய்வில் மூன்றும் மாறவில்லை. செய்முறையில் சறுக்குவது சின்னச் சின்ன இடங்களில். புட்டி சொட்டும், சாராயம் ஆவியாகும்; எலி இல்லாத கூண்டில் ஒரு புட்டியைத் தொங்கவிட்டு, அதில் குறைந்ததைக் கழிக்க வேண்டும். மருந்து தண்ணீரில் கரையாமல் கலங்கலாக நிற்கும்; ஒவ்வொரு முறையும் குலுக்காமல் எடுத்தால் முதல் எலிக்கு ஒரு அளவு, கடைசி எலிக்கு இன்னொரு அளவு.

அதே ஆய்வில் முன்னாள் படைவீரர்களின் மருத்துவப் பதிவேடுகளையும் பார்த்திருந்தார்கள். மருந்து எடுத்தவர்கள் குடிப்பதைக் கூடுதலாகக் குறைத்திருந்தார்கள். இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஈரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு எழுதப்படும் மாத்திரையும் இதுதான். குடியை விடச் சொல்லி டாக்டர் கண்டித்ததும் அதே நாளாக இருக்கும். ஒத்த குணமுள்ள ஆட்களோடு ஒப்பிட்டிருந்தாலும் இந்தச் சந்தேகத்தை முழுதாகத் துடைக்க முடியாது; குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுக்கும் சோதனைதான் விடை சொல்லும்.

எலியில் வென்று மனிதரில் தோற்றதும் உண்டு. பயம் அடங்குவதை லோசார்டன் என்ற பிரஷர் மருந்து எளிதாக்குகிறது என்று விலங்குகளில் கண்ட பின் மனிதருக்கு வந்தார்கள். 2021இல் வெளியான சோதனையில் அது போலி மாத்திரையை மிஞ்சவில்லை. கெட்ட கனவுகளுக்குக் கொடுத்துப் பார்த்த இன்னொரு பிரஷர் மருந்தான பிரசோசினோ, மனிதரிலேயே சிறிய ஆய்வுகளில் நன்றாகத் தெரிந்து, 304 பேரில் செய்து 2018இல் வெளியிட்ட ஆய்வில் பலனளிக்கவில்லை.

வீட்டில் பெரியவருக்கு வாங்கி வைத்த மாத்திரையைப் பயத்துக்கோ குடிக்கோ தானே எடுத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு ப்ரொப்ரனலால் மூச்சுக்குழலைச் சுருக்கும். வழக்கமாகச் சாப்பிட்டு வருபவர் சட்டென்று நிறுத்தினால் நெஞ்சுவலி திரும்பலாம். ஸ்பைரோனோலாக்டோனை லோசார்டன், டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகளோடு சேர்த்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடம் மாறலாம். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். இவற்றைச் சேர்த்து எழுதும் டாக்டர் முதலில் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்ப்பார், ஒரு வாரத்தில் மறுபடி பார்ப்பார்.